நெல்மணி உயரச் சிப்பாய்கள்

லீட்ஸ்
28.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்து ஒன்றேமுக்கால் வருடம் ஆகிறது. அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தோடு நம் பேச்சு நின்றது. அதனால்தான் பேப்பரும் பேனாவும். பேனாவைத் தேடி எடுப்பதற்கே அரை நாள் ஆனது.

வரப்பில் வழுக்கி நீ விழுந்ததை, வயல் வேலைக்கு உன்னோடு நிற்கும் இராஜாங்கம் வாட்ஸ்அப்பில் சொன்னார். கணுக்காலில் பிளேட் வைத்திருக்கிறார்களாம், மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாதாம். நடவு நேரத்தில் உன்னைக் கட்டிலில் போட்டால் யாரை எல்லாம் கடித்துக் குதறுவாய் என்று எனக்குத் தெரியும். இராஜாங்கம் பாவம்.

இத்துடன் ஒரு பெட்டி வருகிறது. உள்ளே முந்நூற்று இருபது சிப்பாய்கள். ஈயக் கலவையில் வார்த்த பொம்மைகள். ஒருவன் உயரம் ஆறு மில்லிமீட்டர், ஒரு நெல்மணியை நிமிர்த்தி வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. இங்கே ஒரு கிளப்பில் சேர்ந்திருக்கிறேன். பழைய போர்களை மேஜைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டி ஆடுவார்கள். சிரிக்காதே. டாக்டர், லாரி டிரைவர், ரிட்டயர்டு ஜட்ஜ் எல்லாம் வருகிறார்கள். மார்ச்சில் என் முறை. 1782 மாசியில் நம் கொள்ளிடக் கரையில் திப்புவின் குதிரைப்படை கும்பினிப் படையைச் சுற்றி வளைத்ததே, அதை ஆடப்போகிறேன். நம் வயலையே மேஜையில் செய்யப்போகிறேன்.

பொம்மைகள் வெறும் ஈய நிறத்தில் இருக்கின்றன. நீ பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு குப்பி, இரண்டு பிரஷ், ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன். எனக்கு நேரமில்லை, கையும் நிற்பதில்லை. உன் கை நிற்கும். பள்ளிக்கூடத்தில் என் ரெக்கார்டு நோட்டு முழுக்க நீ வரைந்ததுதான். செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டுக்குப் பத்துக்குப் பத்து எனக்கு.

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. சத்தியம்.

தம்பி
பரணிதரன்


திருப்பனந்தாள்
14.11.2023

பரணிக்கு,

கால் உடைந்தவளைப் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் கொண்டுவருவார்கள், சாத்துக்குடி கொண்டுவருவார்கள். நீ பட்டாளத்தை அனுப்பியிருக்கிறாய். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

நிலத்தைப் பற்றிப் பேச மாட்டாயாம். நான் பேசுகிறேன். பதினாறாம் நாள் பந்தியில் அத்தனை பேர் நடுவில் நீ கேட்டது என் காதை விட்டுப் போகவில்லை. "கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு வயல் எதுக்கு?" கட்டிக் கொடுத்து நான் வாழ்ந்தது ஏழு மாதம். திரும்பி வந்து இருபத்தோரு வருடமாக அந்த ஆறு மா நிலத்தில்தான் கிடக்கிறேன். அப்பா தன் கையால் நடுவில் வரப்புப் போட்டு, வடக்கு மூன்று மா குந்தவைக்கு, தெற்கு மூன்று மா பரணிக்கு என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். பத்திரம் எழுதவில்லை. பிள்ளைகள்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஆவணியில் ஒருத்தன் டேப்போடு வந்து உன் பங்கை அளந்தான். கல்யாண மண்டபம் கட்டப்போகிறானாம். "யாருங்க நீங்க?" என்று இராஜாங்கம் கேட்டதற்கு, "லண்டன் சார் வரச் சொன்னாருங்க" என்றானாம். ஆறு மாவுக்கும் வாய்க்காலிலிருந்து தண்ணீர் நுழைகிற வாமடை ஒன்றே ஒன்று. மண்டபக்காரன் கையில் அது போனால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு மேலே கார் நிறுத்துவான். அப்புறம் என் மூன்று மா கருவாடுதான். மேட்டூரை அடைத்து ஒரு மாதம் ஆகிறது, இருக்கிற தண்ணீருக்கே வாய்க்காலில் அடிதடி. இதை எல்லாம் லீட்ஸில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உன் பெட்டியைத் திறக்கவே கூடாது என்றுதான் இருந்தேன். தீபாவளிக்கு எல்லாரும் கோவிலுக்குப் போய்விட்டார்கள், நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு நேரம் பார்ப்பது? திறந்தேன்.

இவ்வளவு சின்னதாக ஒரு மனுஷனைச் செய்ய முடியும் என்று நான் நினைக்கவில்லை. துப்பாக்கி இருக்கிறது, தலைப்பாகை இருக்கிறது, முட்டிகூட இருக்கிறது. சிவப்புக் குப்பியில் பிரஷை முக்கி அப்பினேன். இட்லி மாவு மாதிரி ஏறிக்கொண்டது. முகம் போச்சு, கை போச்சு. பிறகு கண் வைக்கிறேன் என்று ஒருத்தனுக்கு இரண்டு பொட்டு வைத்தேன். கூலிங்கிளாஸ் போட்ட மாதிரி ஆகிவிட்டான். எட்டுப் பேரைக் கெடுத்திருக்கிறேன். மிச்சத்தைத் திருப்பி அனுப்பவா?

குந்தவை


லீட்ஸ்
24.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

கூலிங்கிளாஸ் சிப்பாயைப் படித்துவிட்டு பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். திருப்பி அனுப்பாதே.

முதல் தடவை எல்லாரும் அதே தப்பைத்தான் செய்வார்கள். குப்பியிலிருந்து நேராக எடுக்கக் கூடாது. தட்டில் ஒரு சொட்டு விட்டுக் கஞ்சித் தண்ணீர் பதத்துக்குக் கரைத்துக்கொள். பொம்மைகளை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஐஸ் குச்சிமேல் வரிசையாகப் பசை போட்டு ஒட்டு. எல்லாரையும் கறுப்பாக்கிவிடு. காய்ந்தபிறகு மேடாக இருக்கிற இடத்தில் மட்டும் நிறம். சட்டைக்கு ஒரு சிவப்பு இழுப்பு, காலுக்கு ஒரு வெள்ளைத் தீற்றல், முகத்துக்கு ஒரு மாநிறப் பொட்டு, துப்பாக்கிக்கு ஒரு கோடு. பள்ளத்தில் கறுப்பு அப்படியே கிடக்கட்டும். அதுதான் நிழல்.

முக்கியமான விஷயம், கண் வேண்டாம். கண்ணே வேண்டாம். இந்த அளவில் ஆளைப் பெயின்ட் செய்யக் கூடாது அக்கா, கூட்டத்தைப் பெயின்ட் செய்ய வேண்டும். மேஜையிலிருந்து மூன்றடி தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள். மூன்றடி தள்ளி நின்றால் ஒருத்தன் முகமும் தெரியாது.

இன்னொரு உதவி. வயலை அளவோடு ஒரு படம் போட்டு அனுப்பு. கூகுளில் புளியமரம் மறைக்கிறது. வாய்க்கால் எந்தப் பக்கம், வாமடை எங்கே, வரப்பு எங்கே. வரப்பு ரொம்ப முக்கியம், குதிரை வரப்பைத் தாண்டினால் ஆட்டத்தில் ஒரு எண் குறையும். அப்பா போட்ட இடத்திலேயே இருக்கிறதா, இல்லை மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் பழைய இடம், புது இடம் இரண்டையும் குறி. எப்போது மாறியது என்றும் எழுது. கீழே சர்வே எண், தேதி, "வரைந்தது" என்று உன் பெயர், அப்பா பெயர், கையெழுத்து. வரைந்தவர் பெயர் போடுவது எங்கள் கிளப் வழக்கம்.

நேரம் எடுத்துக்கொள். அவசரமில்லை.

பரணி


திருப்பனந்தாள்
12.12.2023

அன்புள்ள பரணிக்கு,

நூற்றுப் பத்துப் பேர் முடிந்துவிட்டார்கள். நம்பு.

நீ சொன்ன கஞ்சிப் பதம் சரி. ஆனால் நம் போர்வெல் தண்ணீரில் கரைத்தேன், காய்ந்ததும் எல்லார் மேலும் வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. விபூதி பூசிய பட்டாளம். அப்புறம் குடிக்கிற கேன் தண்ணீருக்கு மாறினேன். மூச்சை அடக்கிக்கொண்டுதான் பிரஷை வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு வரிசை முடித்துவிட்டு நிமிர்ந்தால் காபி ஆறியிருக்கும், கால் வலி மறந்திருக்கும். "என்னம்மா இது, கம்பங்காட்டுக்குக் காவலா?" என்று இராஜாங்கம் கேலி செய்தார். பிறகு அவரே பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தாளு தலைப்பா அவுந்திருக்கும்மா, பாருங்க" என்று தப்புக் கண்டுபிடித்தார்.

கண் வைக்கவில்லை. ஆனால் முகப்பொட்டை ஆளுக்கு ஆள் மாற்றி வைத்திருக்கிறேன், ஒருத்தன் கறுப்பு, ஒருத்தன் மாநிறம், ஒருத்தன் சிவப்பு. ஒரே நிறத்தில் ஊரே இருக்குமா? நீ மூன்றடி தள்ளி நிற்பவன், உனக்குக் கூட்டம் போதும். எனக்கு ஆள் தெரிய வேண்டும்.

இன்னொன்று. கடிதத்தோடு நீ வைத்திருந்த போட்டோவில் உன் மேஜைப் பலகைக்குப் பச்சை அடித்து வைத்திருக்கிறாய். மாசியில் ஏதடா பச்சை? அறுப்பு முடிந்த தாள்தான் இருக்கும். தாளுக்கு நடுவில் ஒரு முழம்கூட வளராத உளுந்து. அறுப்புக்கு எட்டுப் பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே, ஈரச் சேற்றில் உளுந்தைத் தெளிப்போமே, அதுவும் மறந்துபோச்சா? ஒரு வருடம் நீ கொத்துக் கொத்தாகத் தெளித்துவிட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். "கோழிக்கா போடுற? விரலை விரிச்சு வீசுடா." உன் பலகைக்கு வைக்கோல் நிறம் அடி.

படம் இத்துடன் இருக்கிறது. இராஜாங்கம் கயிறு பிடித்து அளந்தார், நான் கட்டிலில் உட்கார்ந்து வரைந்தேன். நீ கேட்டதெல்லாம் போட்டிருக்கிறேன்.

வரப்பைக் கேட்டாயே. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தேன். போன வருடம் நவம்பர் மழையில் அப்பா போட்ட வரப்பு அடித்துக்கொண்டு போய்விட்டது. திரும்பக் கட்டும்போது ஆறடி தெற்கே, உன் பக்கம், தள்ளிக் கட்டினேன். பழைய இடத்தில் பள்ளம் என்று ஊரில் சொன்னேன். பள்ளம் முழங்கால் அளவுதான், நாலு வண்டி மண் கொட்டினால் சரியாகியிருக்கும். அப்பா போட்டபடி பார்த்தால் வாமடை உன் பங்கில் இருந்தது. அது என் பக்கம் வரட்டும் என்றுதான் தள்ளினேன். உன்மேல் இருந்த கோபத்தில் செய்தது. தப்புதான். படத்தில் பழைய வரப்பைப் பென்சிலால் போட்டு, புதியதைச் சிப்பாய்ச் சட்டைக்கு வைத்திருந்த சிவப்பால் இழுத்து, "இது 2022 நவம்பரில் நான் தள்ளிப் போட்டது" என்று எழுதியிருக்கிறேன்.

பங்குனியில் வா. இரண்டு பேரும் நின்று வரப்பைப் பழைய இடத்திலேயே போடுவோம். வாமடை பொது என்று ஒரு பேப்பரில் எழுதிக்கொள்வோம். அப்புறம் உன் பங்கை நீ யாருக்குக் கொடுத்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன். என் தண்ணீர் மட்டும் எனக்கு வந்தால் போதும்.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன், இப்போது மணி அடிக்கும். இருந்தாலும் கடிதமே எழுது. போனில் நாம் இரண்டு பேரும் நல்லவர்கள் இல்லை.

அக்கா


லீட்ஸ்
22.12.2023

அக்கா,

படம் வந்தது. ரொம்பத் தெளிவாக இருக்கிறது. கையெழுத்து, தேதி எல்லாம் சரியாக இருக்கிறது.

வேலை அதிகம். பங்குனி பற்றிப் பிறகு சொல்கிறேன். பொம்மைகளை முடித்ததும் கூரியரில் போடு.

காலைப் பார்த்துக்கொள்.

பரணி


திருப்பனந்தாள்
20.1.2024

பரணிதரனுக்கு,

மார்கழி முழுக்க உட்கார்ந்து, போகிக்கு முதல் நாள் கடைசிக் குதிரையை முடித்தேன். கெட்டுப்போன அந்த எட்டுப் பேரையும் தின்னரில் ஊறவைத்துச் சுரண்டித் திரும்ப அடித்தேன். ஒருத்தனையும் விடவில்லை. முட்டை அட்டையில் பஞ்சு வைத்து அடுக்கினேன். தபால் ஆபீஸில் பொங்கல் நெரிசல் குறையட்டும் என்று காத்திருந்தேன். நேற்றுக் கிளம்பினேன். நான் அனுப்புவதற்கு முன்னால் உன்னுடையது வந்துவிட்டது.

கும்பகோணம் வக்கீல் நோட்டீஸ். மூன்று பக்கம். அப்பாவின் ஏற்பாட்டை மீறி, உள்நோக்கத்தோடு, வரப்பை நகர்த்தி, வாமடையை அபகரித்தேனாம். வரப்பைப் பழைய இடத்தில் போட்டு வாமடையை உன் வசம் விட வேண்டுமாம், தவறினால் கோர்ட்டில் பிராதாம். நாலாவது பக்கம் என் படம். ஜெராக்ஸில் சிவப்பு கறுப்பாக விழுந்திருக்கிறது. "நான் தள்ளிப் போட்டது" என்ற வரியைச் சுற்றி வக்கீல் கட்டம் போட்டிருக்கிறார்.

இராஜாங்கத்திடம் படித்துக் காட்டினேன். "கயிறு புடிச்சது நானும்மா" என்றார். அந்த மனுஷனுக்கு இருக்கிற வெட்கம்கூட உனக்கு இல்லை.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான். யாரைக் குற்றம் சொல்வது? ஒன்றுதான் தெரிய வேண்டும். எப்போது தீர்மானித்தாய்? படம் வந்த பிறகா, படம் கேட்கும்போதேயா, இல்லை, கால் உடைந்தது என்று கேள்விப்பட்ட அன்றேயா? பொம்மையே அதற்குத்தானா?

இதற்கு மட்டும் பதில் எழுது.

குந்தவை


லீட்ஸ்
29.1.2024

அக்கா,

படம் வந்த அன்று அதை மேஜையில் விரித்து வைத்திருந்தேன். பிரதீபா போட்டோ எடுத்து அவள் அண்ணனுக்கு அனுப்பிவிட்டாள். அவன்தான் வக்கீலிடம் காட்டினான். எனக்குத் தெரிந்தபோது நோட்டீஸ் தயாராகியிருந்தது.

மேலே எழுதியது பொய். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், விட்டுவிட்டேன். என் மனைவிமேல் பழி போடும் அளவுக்கு இறங்கிவிட்டேன் என்பதையும் நீ பார்த்துக்கொள்.

முதல் கடிதம் நானாக எழுதியது. அது சத்தியம். நீ திட்டி எழுதிய பதிலை, சிரிப்பாக இருக்கிறது என்று மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். "அக்கா பதில் போடுறாங்களா? அப்ப எழுத்துல வாங்கிடலாமே" என்றான். வரப்பு, தேதி, கையெழுத்து எல்லாம் வக்கீல் சொல்லி நான் எழுதியவை. வரைந்தவர் பெயர் போடும் வழக்கம் எங்கள் கிளப்பில் இல்லை. யாரும் வரைபடமே கேட்கவில்லை. மண்டபக்காரர் வாமடையோடுதான் வேண்டும் என்கிறார், மண் கொட்டி மனையை மேடாக்கும்வரை தண்ணீரை உள்ளே விடாமல் அடைப்பது அவர் கையில் இருக்க வேண்டுமாம்.

நீ பங்குனியில் வா என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு என்னவோ போல் ஆனது. படத்தைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். இரண்டு நாள் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் கொடுத்துவிட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆறடியை நீ என்னிடம் சொல்லிவிட்டா தள்ளினாய்? ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு என் தண்ணீரை வைத்திருந்தாய். நீ சொல்லாமல் எடுத்தாய், நான் கேட்டு வாங்கினேன். இதில் யார் யோக்கியம்?

கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. மார்ச் ஒன்பது ஆட்டம். கிளப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், என் அக்கா அடித்த படை வருகிறது என்று. பொம்மைகளை மட்டும் அனுப்பிவிடு.

பரணி


திருப்பனந்தாள்
10.2.2024

பரணிதரனுக்கு,

நேராகக் கேட்டதற்குக் கடைசியில் நேராகப் பதில் எழுதினாய். அதற்கு நானும் நேராகவே எழுதுகிறேன்.

ஆறடி தள்ளியது என் தப்பு. அதை எழுதியது தப்பில்லை. நோட்டீஸை எடுத்துக்கொண்டு கும்பகோணத்தில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். "இது வெளையாட்டுக்கு வரைஞ்சு குடுத்ததுன்னு சொல்லிடலாம்மா. கேஸு பத்து வருஷம் இழுக்கும், வாய்தா வாய்தான்னு அலையட்டும்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் கைப்பட எழுதிய உண்மையை விளையாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது. எல்லாரும் உன்னைப் போல் இருக்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை இராஜாங்கமும் இரண்டு ஆளும் வரப்பை வெட்டினார்கள். அப்பா போட்ட இடத்திலேயே, கயிறு பிடித்து, நான் வரைந்த பென்சில் கோட்டின்மேல் போட்டாயிற்று. வாமடை இப்போது உன் பங்கில் இருக்கிறது. போட்டோ எடுத்து உன் வக்கீலுக்கு அனுப்பியாயிற்று. மண்டபக்காரன் எப்போது வேண்டுமானாலும் வந்து மூடிக்கொள்ளட்டும். என் மூன்று மாவில் இந்த உளுந்தை எடுத்த பிறகு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. நிறைய போர்வெல் தோண்டி உப்புத் தண்ணீர் பார்த்த மண் அது. அழுதேன். உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். அப்பா செத்தபோது அழுததைவிட அதிகம் அழுதேன்.

உன் பங்கில் நிற்கிற சம்பா நான் நட்டது. அடுத்த வாரம் மெஷின் வருகிறது. அறுத்துக்கொண்டு விலகிவிடுகிறேன். அதற்குமேல் உன் மண்ணில் என் கால் படாது.

சிப்பாய்களைக் கேட்டாய். அவர்கள் உன்னுடையவர்கள். எனக்கு எதற்கு?

வியாழக்கிழமை காலையில் என் பக்கம் உளுந்து தெளித்தோம். இராஜாங்கம் தெளித்தார், நான் வரப்பில் கம்பை ஊன்றி நின்றேன். முடிந்ததும் வீட்டுக்குப் போய் முட்டை அட்டைகளை எடுத்துவந்தேன். எல்லாரையும் உளுந்துக் கூடையில் கொட்டிக்கொண்டு உன் வயலில் இறங்கினேன். பிளேட் வைத்த காலோடு சேற்றில் இறங்கியது அதுதான் முதல் தடவை. "அம்மா, வேணாம்மா" என்று இராஜாங்கம் வரப்பிலிருந்து கத்தினார்.

முந்நூற்று இருபது பேரையும் உன் மூன்று மாவில் தெளித்துவிட்டேன். கொத்துக் கொத்தாக இல்லை. விரலை விரித்து, அப்பா வீசுகிற மாதிரி, மூலை முடுக்கெல்லாம் விழும்படி. உளுந்து விழுகிற சத்தம்தான் கேட்டது. சிவப்புச் சட்டைகள் கொஞ்ச நேரம் தெரிந்தன, பிறகு தெரியவில்லை. மெஷின் ஓடும்போது இன்னும் ஒரு விரற்கடை இறங்குவார்கள். உன் ஆட்கள் உன் நிலத்தில் இருக்கிறார்கள். வாமடைக்குக் காவல் இருக்கட்டும்.

மார்ச் ஒன்பதுக்கு இன்னும் நாள் இருக்கிறது. வேண்டுமானால் வந்து பொறுக்கிக்கொள். மூன்றடி தள்ளி நின்றால் ஒருத்தன் முகமும் தெரியாது என்று நீதான் எழுதினாய். குனிய வேண்டும், முட்டி போட வேண்டும், சேற்றுக்குள் கையை விட்டு ஒவ்வொருத்தனாக எடுக்க வேண்டும்.

வரைந்தது:
குந்தவை, த/பெ நாகநாதன்